அசனத்துக்கு இருநூற்றைம்பது பை

தூத்துக்குடி
3.6.2025

மைனிக்கு,

வழக்கமாக ‘அன்பின்’ என்று தொடங்குவேன். இன்று அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். இந்தக் கோபத்தை நான் வீணாக்க விரும்பவில்லை. நீங்கள் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் தலைமையாசிரியை அருணாசலவடிவு டீச்சருக்குப் பணி ஓய்வு விழா. நீங்கள் பழைய பிளாஸ்டிக் கவர்களை ஒட்டித் தைத்துத் தந்த அந்த நீலக் கைப்பையைத்தான் என் பரிசாகக் கொடுத்தேன். எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இது ஜவுளிக்கடைக் கவர் என்று சொன்னால் நம்ப ஆளில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டாஃப் ரூம் கண்ணாடி முன்னால் போய் நின்றார்கள். மேல்மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்கள். உள்பக்கத்து வெள்ளை லைனிங்கில் ஏதோ சாம்பல் நிறத்தில் கிறுக்கல் போல இருந்தது. கண்ணாடியில் அது திரும்பி, நேரான எழுத்தாகத் தெரிந்தது. அவர்களுக்கு எழுத்தைக் கண்டால் வாய்விட்டு வாசிக்கிற பழக்கம். முப்பத்து நாலு வருடப் பழக்கம். வாசித்துவிட்டார்கள். “கண்ணீர் அஞ்சலி. தோற்றம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. மறைவு…”

பணி ஓய்வு பெறுகிறவருக்குக் கண்ணீர் அஞ்சலி கொடுத்தவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்திதான். என் மானம் கப்பலேறிவிட்டது, நம் ஊரில் கப்பலுக்கா பஞ்சம்? டீச்சர் பையோடு நேரே வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் போனை எடுக்கவில்லை.

இனி உங்களுக்காக நான் தெருத்தெருவாய்க் கவர் சேர்க்கப் போவதில்லை. மொட்டை மாடியில் கழுவிக் காயப்போட்டிருக்கும் மூட்டைகளை மாநகராட்சி வண்டியில் போடப் போகிறேன்.

ஜெயஷீலா


சாயர்புரம்
8.6.2025

அன்பின் ஷீலா,

நீ ‘அன்பின்’ போடாவிட்டால் போகிறது, உனக்கும் சேர்த்து நானே போட்டுக்கொள்கிறேன். உன் கடிதத்தை உங்கள் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். மறைவு வரைக்கும் வந்ததும் அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, “இதுல நான் தலையிட மாட்டேன், எனக்குத் தங்கச்சியும் வேணும் சோறும் வேணும்” என்று எழுந்து போய்விட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். கவர்களை ஏழெட்டு அடுக்காக வைத்து, மேலும் கீழும் பட்டர் பேப்பர் போட்டு அயர்ன் பண்ணினால்தான் எல்லாம் ஒட்டித் துணி மாதிரி ஆகும். அன்றைக்குப் பட்டர் பேப்பர் தீர்ந்துவிட்டது. நீ மூட்டையைச் சுற்றி அனுப்பிய செய்தித்தாள் கையில் கிடந்தது. அதைப் போட்டுத் தேய்த்தேன். மை இடவலம் மாறி ஏறியிருக்கிறது. அது என் கண்ணில் படவே இல்லை. அஞ்சலிப் பக்கத்தைப் பார்த்துச் சுற்றி அனுப்பிய புண்ணியவதி யார் என்று நான் கேட்கவில்லை.

ஷீலா, மூட்டையை வண்டியில் போட்டுவிடாதே. இதைக் கெஞ்சித்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் நம் கோயில் அசனப் பண்டிகை முடிந்த மறுநாள் நீ பார்த்தாயே. ஊரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கும் சோறும் குழம்பும் கவரில் கட்டிக்கொண்டு போனது. மறுநாள் கோயிலைச் சுற்றியிருந்த உடைமர முள் பூராவும் கவர் தொங்கியது. இந்த ஞாயிறு சபைக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். இந்த வருஷம் கவரே வேண்டாம், எல்லோரும் தூக்குவாளி கொண்டுவரட்டும், வாளி வைத்துத் தூக்க வீட்டுக்கு ஒரு பை நான் தைத்துத் தருகிறேன், குழம்பு சிந்தினாலும் ஒழுகாது என்று சொல்லிவிட்டேன். இருநூற்றைம்பது வீடு.

செயலாளர் பால்துரை அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எந்திச்சி நின்னு சொல்லுதது லேசு, கிருபை. ஜூலை இருவதாம் தேதி ஆராதனை முடிஞ்சதும் இருநூத்தம்பதும் எம் மேசைக்கு வரணும். ஒண்ணு கொறஞ்சாலும் நான் கவருக்குச் சொல்லிருவேன்” என்றார்.

இருபத்தெட்டு வருஷம் இந்த ஊருக்கு ஜாக்கெட் தைத்தேன். கூட்டத்தில் எழுந்து வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. இதில் தோற்றால் இனிமேல் எழுந்திருக்கவே மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். ஒரு பைக்குப் பத்துக் கவராவது வேண்டும். உன் மாடியை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை.

உன் மைனி
கிருபை


தூத்துக்குடி
13.6.2025

மைனிக்கு,

இத்துடன் மூன்று மூட்டை. மினிபஸ் கண்டக்டர் பேச்சிமுத்து கொண்டுவந்து தருவார். உங்களுக்காக அனுப்பவில்லை, கவர்களுக்காக அனுப்புகிறேன். மாடியில் உப்புக் காற்றில் நாலு மாதம் காய்ந்ததற்கு அவற்றுக்காவது நல்லது நடக்கட்டும்.

இந்த முறை மூட்டையைப் பழைய போர்வையில் சுற்றியிருக்கிறேன். போர்வையில் எழுத்து எதுவும் இல்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் அருணாசலவடிவு டீச்சருக்கு உங்கள் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். எனக்கு அனுப்புங்கள், நானே ஆத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கொடுக்கிறேன். நான் வேலையில் சேர்ந்த வருடம் வகுப்பில் அழுதுகொண்டு நின்றபோது, பிள்ளைகள் பார்க்காமல் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் போய் இப்படி ஆகிவிட்டதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் என்னைப் பார்த்தால் இரண்டு பேராவது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

கடிதத்தில் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் டீச்சர் அவர்கள்.

ஜெயஷீலா


சாயர்புரம்
19.6.2025

அன்பின் ஷீலா,

மூட்டை வந்து சேர்ந்தது. பேச்சிமுத்து அதை முன் சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார், மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு அம்மா நின்றுகொண்டே வந்தாளாம். எனக்குக் கூடமாட உதவிக்கு வரும் சீனித்தாயும் நானும் வேலையைத் தொடங்கிவிட்டோம். அவள் கவர்களின் காதையும் அடியையும் வெட்டி விரித்துத் தருகிறாள், நான் ஒட்டித் தைக்கிறேன். பதினாறாம் நம்பர் தடி ஊசி போட்டும் நாளைக்கு இரண்டு ஒடிகிறது. நாற்பத்தொன்று முடிந்திருக்கிறது.

டீச்சருக்கான கடிதம் இதற்குள் தனி உறையில் இருக்கிறது. அதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்ற வரி வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. ஏனென்றால் அது பொய்.

ஷீலா, நான் பார்த்தேன். லைனிங்கை மிஷினில் வைக்கும்போதே சீனித்தாய் சொன்னாள், “யக்கா, இது எழுத்து மாதிரில்லா இருக்கு” என்று. உற்றுப் பார்த்தேன். ‘கண்ணீர்’ வரைக்கும் எனக்கே புரிந்தது. பிரித்தால் முழுப் பையையும் பிரிக்க வேண்டும், நீ காலையில் வந்து நிற்பாய். உள்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள், பார்த்தாலும் யார் இடவலம் திருப்பி வாசிக்கப்போகிறார்கள் என்று மேலே தைத்துவிட்டேன். கண்ணாடியை நான் நினைக்கவே இல்லை.

உனக்கும் பொய் எழுதினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. டீச்சருக்கு எழுதியதில் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன், நீயும் வாசித்துப் பார்.

கிருபை


சாயர்புரம்
30.6.2025

ஷீலா,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மூட்டையும் இல்லை. பேச்சிமுத்து தினமும் நம் தெரு முனையில் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

நூற்றுப் பன்னிரண்டு பை ஆகிவிட்டது. கவர் தீர்ந்துவிட்டது. இங்கே வீடு வீடாகப் போய்க் கேட்டதில் கிடைத்தது இருபது பைக்குக் கூட வராது. பால்துரை அண்ணாச்சி நேற்று கோயில் வாசலில், “எத்தன ஆயிருக்கு?” என்று கேட்டார். நான் உங்கள் அண்ணனின் முட்டுவலியைப் பற்றிப் பேசிச் சமாளித்துவிட்டேன்.

கவர் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. திட்டியாவது எழுது. நீ பேசாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கிருபை


தூத்துக்குடி
6.7.2025

அன்பின் மைனிக்கு,

வார்த்தை தானாக வந்துவிட்டது, இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் பத்து நாள் பேனாவையே தொடவில்லை. செய்தித்தாளை மன்னித்துவிட்டேன், பொய்யை மன்னிக்க முடியவில்லை என்று உங்கள் வீட்டு மாப்பிள்ளையிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஹார்பரிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் தொடங்கிவிடுவேன். ஒரு நாள் அவர், “மைனி ஒரு பொய் சொன்னாங்க, அதையும் அவங்களே சொல்லிட்டாங்க. நீ சொன்னத எப்பச் சொல்லப் போற?” என்று கேட்டார்.

நான் சொன்னது இதுதான். அன்றைக்கு டீச்சர் வாசித்து முடித்ததும், “இதை யாரு தைச்சா?” என்று ஒருத்தி கேட்டாள். நான், “தெரியல, கடையில வாங்குனது” என்றேன். இன்னொருத்தியும் கேட்டாள். அவளிடமும் அதையே சொன்னேன். ஐந்து நிமிடத்துக்கு முன்பு வரைக்கும், ‘யார் தைத்தது’ என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தவள் நான். நம் வீட்டில் பிறந்து வளர்ந்து, ஞாயிறுப் பள்ளியில், சேவல் கூவுமுன் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன பேதுரு கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள், உங்களைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். சேவல் கூவாததுதான் பாக்கி. உங்கள் மேல் இவ்வளவு கோபப்பட்டதில் பாதி என் மேல் வரவேண்டியது.

நேற்று ஆத்தூர் போனேன். டீச்சர் உங்கள் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார்கள். ஓர் இடத்தில் பேனாவை எடுத்து ஒரு ஒற்றெழுத்தைப் போட்டார்கள். எனக்கு உயிர் போய் வந்தது. அப்புறம், “கடையில வாங்குனா லைனிங்ல அஞ்சலி வராதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் ஷீலா. நீயா சொல்லட்டும்னுதான் போனை எடுக்கல” என்றார்கள்.

அவர்களே தொடர்ந்தார்கள். “அந்த அஞ்சலியில உள்ள பெரியவர் தொண்ணூத்து நாலு வயசு இருந்திருக்காரு. கொள்ளுப்பேரன் வரைக்கும் பேரு போட்டிருக்கு. ரிட்டையர் ஆவுற அன்னைக்கு எனக்கு எல்லாரும் சால்வை போட்டாங்க, நூறு வயசு இருன்னு ஒருத்தரும் சொல்லல. ஒங்க மைனி பைதான் கிட்டத்தட்ட சொல்லுச்சு.” பை அவர்கள் பூஜை அறைக் கதவில் தொங்குகிறது. தினமும் கடைக்கு எடுத்துப் போகிறார்களாம். நான் அங்கேயே அழுதுவிட்டேன், சிரித்தும் விட்டேன்.

உங்கள் அசனத்தைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் எழுந்து போய்த் தன் கட்டில் மெத்தையைத் தூக்கினார்கள். மைனி, அதன் அடியில் முப்பது வருடத்து ஜவுளிக்கடைக் கவர் அவ்வளவும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அவர்கள் கல்யாணப் பட்டு வாங்கிய கடையின் கவர் கூட இருந்தது, அந்தக் கடை இப்போது இல்லை. எடுத்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ரிட்டையரான டீச்சர்கள் பதினைந்து பேருக்கு அங்கேயே போன் போட்டு, மெத்தையைத் தூக்கிப் பாருங்கள் என்று உத்தரவு போட்டார்கள். தலைமையாசிரியை குரல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஒருவரும் மறுக்கவில்லை.

ஒன்பது மூட்டை. மினிபஸ்ஸில் வராது, தனி ஆட்டோவில் வருகிறது. என்னை மன்னித்துவிட்டால் ஒரு வரி எழுதுங்கள்.

ஷீலா


சாயர்புரம்
11.7.2025

அன்பின் ஷீலா,

மன்னிக்கிறதாவது! நீ கடையில் வாங்கினது என்று சொன்னதை வாசித்ததும், என் தையல் கடைத் தையல் மாதிரி இருந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமைதான் முதலில் வந்தது. அப்புறம் கொஞ்சம் வலித்தது. அப்புறம் ஒன்பது மூட்டையைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. நமக்குள் இத்தோடு தீர்ந்தது, இனி இதை எடுக்காதே.

நூற்று எழுபத்தாறு. மூட்டைகளில் ஒன்றில் மாப்பிள்ளை ஹார்பர் கப்பல்காரர்களிடம் வாங்கிப் போட்ட கவர்கள் இருக்கின்றன. சீன எழுத்தோ கொரிய எழுத்தோ, யாருக்குத் தெரியும். சீனித்தாய் அதை வெட்ட மாட்டேன் என்கிறாள். “யக்கா, இதுலயும் யாராச்சும் மறைவுன்னு போட்டிருந்தா?” என்று கேட்கிறாள். அந்தக் கவர்களையெல்லாம் பாதிரியார் வீட்டுப் பைக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன், எது வந்தாலும் அவர் ஜெபம் பண்ணிக்கொள்வார்.

ஆனால் கணக்குப் போட்டால் நாள் போதாது. தைக்க நான் இருக்கிறேன், வெட்ட அவள் இருக்கிறாள், அயர்ன் பண்ண ஆள் இல்லை. நானே மிஷினுக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் மாறி மாறி எழுந்திருப்பதில் பாதி நேரம் போகிறது. பத்தொன்பது சனிக்கிழமை உனக்கு லீவுதானே. வா.

கிருபை


தூத்துக்குடி
22.7.2025

அன்பின் மைனிக்கு,

வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது, என் வலது கை ஆட்காட்டி விரல் இன்னும் பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள். விரலில் கொப்புளம் ஒன்று, பொசுங்கிப்போன என் நல்ல சேலை ஒன்று, இரண்டுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. “சூட்ட கொறச்சு வைளா” என்று நீங்கள் நாற்பது தடவை சொன்னீர்கள், எண்ணினேன்.

பால்துரை அண்ணாச்சி ஒவ்வொன்றாய் எடுத்து இழுத்துப் பார்த்து எண்ணினாரே. இருநூற்று நாற்பத்தொன்பது என்று அவர் சொன்னபோது உங்கள் முகம் போன போக்கை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். திரும்ப எண்ணினார், திரும்பவும் அதேதான். போனை எடுத்துக் கவர்க்காரர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்த மனுஷனின் தோளில்தானே அந்த ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது! வார் தாங்குமா என்று பார்க்க மாட்டியவர் மறந்தே போய்விட்டார். சபை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, யாரும் சொல்லாமல் இருந்தது மரியாதையினாலா விளையாட்டுக்கா, எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுந்து, “அண்ணாச்சி, ஒங்க தோள்ல பாருங்க” என்று மெதுவாகச் சொன்னீர்கள். இரண்டாவது தடவை எழுந்து பேசிவிட்டீர்கள், கவனித்தீர்களா?

அசனத்துக்கு வருகிறேன். ஆனால் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், திங்கட்கிழமைப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் இன்னும் எழுதவில்லை.

ஷீலா


சாயர்புரம்
4.8.2025

அன்பின் ஷீலா,

சனிக்கிழமை அசனத்தில் நீ பஸ்ஸுக்கு ஓடின பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

பையை வாங்கிய ஜனங்கள் எதற்காக வாங்கினோம் என்பதையே மறந்துவிட்டார்கள். வாளியைப் பைக்குள் வைக்க ஒருத்திக்கும் மனசு வரவில்லை. “இம்புட்டு அழகா இருக்குதே, இதுலயா கொழம்ப வைக்க?” என்று பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சுடச்சுட வாளியைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழம்பு ஒழுகாத பை என்று நான் தொண்டை வறளக் கத்தினேன். யார் கேட்டது? எல்லாம் இந்நேரம் பீரோவுக்குள் போயிருக்கும். முப்பது வருஷம் கழித்து யாராவது மெத்தையைத் தூக்கினால் இருநூற்றைம்பதும் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

பால்துரை அண்ணாச்சி எல்லோரும் போன பிறகு வந்தார். எனக்குத் தெரியாமல் இரண்டு கட்டுக் கவர் வாங்கிக் கோயில் வெஸ்ட்ரி அறையில் பூட்டி வைத்திருந்தாராம். பிரிக்கவே இல்லை. “ஒனக்கு முடியாதுன்னு நெனச்சுட்டேன் கிருபை. தப்புதான்” என்றார். இதை வைத்து ஏதாவது தைத்துக்கொள் என்று அந்தக் கட்டுகளையே என் கையில் கொடுத்தார். புதுக் கவரை வெட்டித் தைக்க நான் ஆளில்லை, கடையிலேயே திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். போகும்போது, அடுத்த கமிட்டியில் நீயும் இருக்க வேண்டும் என்றார். சரி என்றேன், ஷீலா. யோசிக்காமல் சரி என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது ஒரு யோசனை வந்தது. அடுத்த மாதம் விளாத்திகுளத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஐம்பது பை கேட்டிருக்கிறார்கள், சீனித்தாயின் தங்கை வீடு. என்னிடம் ஒரு கவர் இல்லை. எப்படியும் கோயிலைச் சுற்றி நூறு இருநூறாவது விழுந்து கிடக்கும், யாராவது கட்டுப்பாட்டை மீறித்தான் இருப்பார்கள் என்று நேற்று ஆராதனைக்கு முன்னால் சாக்கை எடுத்துக்கொண்டு போனேன். கோயிலைச் சுற்றினேன். உடைமரம் ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். சமையல் பந்தலுக்குப் பின்னால் குனிந்து தேடினேன். பால்துரை அண்ணாச்சியும் என் பின்னாலேயே வந்து தேடினார்.

ஒன்று கூட இல்லை, ஷீலா. ஒரே ஒரு கவர் கூட இல்லை. காலிச் சாக்கோடு வாசலில் நின்று நானும் அவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

இப்போது நான் தையலுக்குக் கவர் தேடி எங்கே போவேன், சொல். இந்த ஊர் திருந்திவிட்டது. உங்கள் ஊர் ஜனங்களாவது இன்னும் ஒரு மாசம் திருந்தாமல் இருக்கட்டும். உடனே மாடிக்குப் போய்ப் பார், என்ன இருக்கிறதோ கட்டி எடுத்துக்கொண்டு நீயே வா.

உன் மைனி
கிருபை